கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடை: ஓவியர் கோபுலு படத்துக்காகவே போகலாம்

மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரம்தான். முன்னால் முழுக்கப் போட்டித் தேர்வு கைடுகள், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள் அலமாரியில் இரண்டு தட்டு நிறைய, வீடுகளில் பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதைகள் இருக்கின்றன. விகடன் வந்ததும் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் மொத்தமாகக் கொடுத்து பைண்டு பண்ணுவார்களே, அதுதான்.

எனக்குக் கிடைத்தது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஐம்பதுகளில் எழுதியது, ஓவியம் கோபுலு. சினிமா வந்தது 1968-இல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே சிக்கல் சண்முகசுந்தரம் எப்படி இருப்பார், சவடால் வைத்தி எப்படி நிற்பான் என்று வாசகர்கள் மனதில் உட்கார வைத்துவிட்டது அந்தக் கோடுதான். கோபுலு தஞ்சாவூரில் பிறந்து, இதே கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். நாயனக்காரரையும் தவில்காரரையும் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்த கை என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கடைசிக் காலத்தில் வலது கை முடியாமல் போனபோது இடது கையால் பழகி வரைந்த மனிதர் அவர்.

ஒரு பக்கத்தின் பின்னால் பாதி ஜோக் இருக்கிறது. மீதி எந்த வீட்டுப் பரணில் போனதோ! ஓரத்தில் யாரோ பென்சிலில் ‘அம்மா படித்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கே 600 ரூபாய் கொடுக்கலாம், கொடுத்தேன்.

ஒரே வருத்தம், சில தொகுப்புகளைக் கடைக்காரர் மறுபடி பைண்டு பண்ணி ஓரத்தை மெஷினில் வெட்டியதில் ஓவியரின் கையெழுத்தே போய்விட்டது. சொன்னேன், “கவனிக்கலைங்க சார், இனிமே பாத்துக்கறேன்” என்றார். தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள், படம் வாங்க வருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

கீழ்த்தட்டில் எண்பதுகளின் விகடன் முழு இதழ்கள் சணலில் கட்டிக் கிடக்கின்றன. மதன் கார்ட்டூன்கள் அதில்தான். எங்கள் தெருவில் வால் பிள்ளைகளுக்கெல்லாம் இன்றைக்கும் பெயர் அவர் வரைந்த ரெட்டைவால் ரெங்குடுதான், வைக்கிறவர்களில் பாதிப் பேர் விகடனையே பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம், 1987-இல் அட்டைப்பட ஜோக்குக்காகச் சட்டமன்றம் விகடன் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியதே, அந்த இதழைக் கேட்டேன். இல்லை. வந்தால் எடுத்து வைக்கச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போனால் வெட்டாத கட்டாகக் கேட்டு வாங்குங்கள்.