ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெயில்ஸ்': எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ் 2002-ல் வெளியிட்ட 'வேப்பர் ட்ரெயில்ஸ்' ஆல்பத்தில் பாட்டுகளைக் குறை சொல்ல முடியாது, ஒலியில்தான் கோளாறு. சத்தத்தை உச்சவரம்புக்கே ஏற்றிவிட்டதால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு, சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) அடி விழும் இடமெல்லாம் கரகரக்கிறது. வால்யூமைக் குறைத்தாலும் போகாது. பாவம், ஆம்ப்ளிஃபயரைத் திட்டிப் பயனில்லை. சிடியிலேயே அப்படித்தான் ஏறியிருக்கிறது.

2009-ல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாடல்களை மட்டும் ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் சிக்கி ரீமிக்ஸ் செய்தார், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைப் புதிதாகக் கலந்தார். முழு ஆல்பத்தையும் டேவிட் பாட்ரில் ரீமிக்ஸ் செய்து முடிக்க, அந்தப் பதிப்பு 2013-ல் வெளிவந்தது. வாங்குவதென்றால் அதுதான்.

சோதித்துப் பார்க்க முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி' போதும். நீல் பியர்ட்டின் இரட்டை பேஸ் டிரம் அடியோடு தொடங்கும். பழையதில் கிட்டார் நுழைந்ததும் டிரம் அமுங்கிப்போகும்; புதியதில் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழும். கீபோர்டே இல்லாத ஆல்பம் என்பதால் அலெக்ஸ் லைஃப்சன் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார். அந்த அடுக்குகள் பிரிந்து கேட்பதற்கு 'எர்த்ஷைன்' கேளுங்கள். 13 பாடல்கள், சுமார் 67 நிமிடம், இரண்டைக் குறைத்திருக்கலாம். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் தலைப்பில் 'ரீமிக்ஸ்டு' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.