கமாத்தாவின் கருநீர்க் குளியல்

டோக்கியோவின் ஓத்தா வட்டாரத்தில், கமாத்தாவில் குடியேறி நான்கு மாதங்கள் கழிந்த பிறகே, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த 'செந்தோ' எனப்படும் பொதுக் குளியலகத்துக்குள் நுழையும் துணிவு எனக்கு வந்தது. பிறர் முன்னிலையில் ஆடையின்றிக் குளிப்பதை நம்மவர் மனம் எளிதில் ஏற்பதில்லை. பெரியவர்களுக்கான கட்டணம் 550 யென். 2024 ஆகஸ்டில் டோக்கியோ நிர்வாகம் நிர்ணயித்த உச்சவரம்பு அது. சோப்பையும் துண்டையும் கையோடு கொண்டுசென்றேன்.

குட்டையான முக்காலியில் அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டு நீரில் படக்கூடாது என்பதால், அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளுமாறு அருகிலிருந்த முதியவர் சைகையால் உணர்த்தினார். இப்பகுதியில் கிடைக்கும் 'குரோயு' என்னும் ஊற்றுநீர், தொல்பழங்காலத் தாவரப் பொருள்கள் கரைந்து, பால் கலக்காத காப்பியைப் போலக் கறுத்திருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நின்றபோதே என் பாதங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே வந்த பின்னும் தோலில் ஒரு வழவழப்பு நீடித்தது.

குறையென்று சொன்னால், அறிவிப்புகள் அனைத்தும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. சூடும் சற்று அதிகம்தான், ஐந்து நிமிடங்களுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் என் வீட்டுக் குளியலறை இப்போது வார நாள்களில் மட்டுமே பயன்படுகிறது.