கோயிலுக்கு ஒலிவாங்கி வாங்கப் போய் 28,500 ரூபா இழந்தோம்

உவர்மலையில் எங்கள் கோயில் பஜனைக் குழுவில் பத்தொன்பது பெண்கள். ஆளுக்கு 1,500 ரூபா போட்டு, திருவெம்பாவைக்கு முன் நல்ல வயர் ஒலிவாங்கி ஒன்று வாங்கினோம். அந்த 28,500 ரூபாவும் போய்விட்டது. இன்று காலை கடைக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

திருகோணமலை நகருக்குள் ஒலிபெருக்கிச் சாமான்கள் விற்கும் கடை. நாங்கள் கேட்டது ஷூர் என்ற நிறுவனத்தின் எஸ்.எம். 58 என்ற ஒலிவாங்கி. விலை 30,000 என்றார். கையில் 28,500தான் இருக்கிறது என்றேன். சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "மீதி 1,500 அம்மனுக்கு என் பங்காக இருக்கட்டும் அக்கா" என்றார். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். அம்மன் பெயரைச் சொன்னவரிடம் பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? கடை ஸ்பீக்கரில் இரண்டு வரி பாடினேன், நன்றாகத்தான் கேட்டது. பற்றுச்சீட்டில் "மைக் 1" என்று மட்டும் எழுதியதைக் கவனிக்கவே இல்லை. வயர் ஒன்றையும் இலவசமாகத் தந்தார்.

முதல் நாள் விடியற்காலையே குரல் தகரத்தில் தட்டியது போல வந்தது. கையை அசைத்தால் கரகரப்பு. இலவச வயரின் ஒலிவாங்கியில் செருகும் முனையில்தான் மூன்று துளை, மறுமுனையில் கிட்டார் வயருக்கு உள்ளது போன்ற ஜாக். ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் பெட்டி வரை இழுத்தபோது ஒரே இரைச்சல். மூன்றாம் நாள் பாட்டின் நடுவில் சத்தம் அடியோடு நின்றது. மழைக்குள் நனைந்து வந்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கட்டும் தம்பி கழற்றிப் பார்த்தார். அசல் ஒலிவாங்கிக்குள் கை அதிர்வைத் தாங்கும் அமைப்பு இருக்கும்; இதில் அது இல்லை. அசலின் எடை 298 கிராம். பலசரக்குக் கடைத் தராசில் எங்களுடையது 231.

கடைக்காரர் முதலில், "கடற்காற்றில் துருப்பிடித்திருக்கும்" என்றார். பாடி முடித்ததும் வலைமூடியைத் துடைத்து, மூடிய டப்பாவில் வைத்தவள் நான். மூன்று நாளில் துருவா? பிறகு, "யாராவது ஊதியிருப்பார்கள்." 1966 முதல் மேடைகளில் அடிபட்டும் உழைக்கும் ஒலிவாங்கி அது, ஊதினால் செத்துவிடுமா? அடுத்த நாள், "கொழும்பில் கேட்டுச் சொல்கிறேன்." பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. இன்று நேரில் போனபோது சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஷூர் என்று எங்கே இருக்கிறது?" என்றார். அம்மனுக்குப் பங்கு கொடுத்த அதே வாய். 28,500 ரூபா! அதில் இரண்டு பேர் தையல் கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த காசும் இருக்கிறது.

ஒலிவாங்கி வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. சீட்டில் மாதிரிப் பெயரை முழுதாக எழுத வையுங்கள், மறுத்தால் எழுந்து வாருங்கள். காசு கொடுக்குமுன் தராசில் நிறுத்துப் பாருங்கள். கடை ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ஒரு முனையில் மூன்று துளையும் மறுமுனையில் மூன்று ஊசியும் உள்ள வயரையே கேளுங்கள். வலைமூடியைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள், நல்ல ஒலிவாங்கியும் ஊளையிடும்.

நாளைக் காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன். அதற்கு முன் இன்றிரவு பத்தொன்பது வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும்.