கெமிஸ்ட்ரியா பிசிக்ஸா: ஸ்பெஷலுக்கு எதைப் போடுறது?

அக்கான்ர மகன் கம்பஸில ரெண்டாம் வருசம் முடிக்கப்போறான். கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மற்ஸ் மூண்டும் செய்யிறான், மார்க்ஸும் மூண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதால ஸ்பெஷலுக்கு, அதாவது ஒரே பாடத்தை எடுத்து நாலு வருசம் படிக்கிற பட்டத்துக்கு, எதைப் போடுறது எண்டு ஒரு மாசமா வீட்டில இதே கதைதான். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் செய்தனான், தங்கச்சி அங்கயே பிசிக்ஸ். ரெண்டு பேரும் அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுறன், இதே யோசினையில இருக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் உதவும் எண்டு.

முதல்ல ஒண்டு சொல்லோணும். ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் ரெண்டு முகம் இருக்கு, படிப்பிக்கிற பாடம் ஒண்டு, ஆராய்ச்சி செய்யிற விசயம் வேற ஒண்டு. வெப்பவியக்கவியல் எடுக்கிற சேர் பின்னேரம் லாப்பில சூரியக்கலம் செய்துகொண்டிருப்பார், அசேதன இரசாயனம் எடுக்கிற மிஸ் கிணத்துத்தண்ணிச் சாம்பிளோட நிப்பா. பெடியள் படிப்பிக்கிற பாடத்தை மட்டும் பாத்துத்தான் முடிவெடுக்கினம், "எனக்கு ஓகானிக் விருப்பம்", "எனக்கு எலெக்ரோனிக்ஸ் விருப்பம்" எண்டு. ஆனா நாலாம் வருசம் புரொஜெக்ற் எண்டு வரேக்க நீங்கள் போய் இருக்கப்போறது அவையின்ர ஆராய்ச்சிக்குள்ள, அங்க ஒரு வருசம் உங்கட கை என்ன செய்யப்போகுது எண்டதுதான் முக்கியம். அதை முதலே விசாரிக்காமல் போனது நான் விட்ட பிழை.

படிப்பிக்கிற பக்கத்தை எடுத்தால் வித்தியாசம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கெமிஸ்ட்ரியில அசேதனம், சேதனம் (ஓகானிக்), பௌதிக இரசாயனம், பகுப்பாய்வு எண்டு நாலு தூண், அதுக்கு மேல உயிர் இரசாயனம், கைத்தொழில் இரசாயனம். பிசிக்ஸில பொறிமுறை, மின்காந்தவியல், குவாண்டம், புள்ளிவிபரப் பொறிமுறை, திண்மநிலை, அணுக்கரு, எலெக்ரோனிக்ஸ். கெமிஸ்ட்ரி பாடமாக்கிற பாடம் எண்டு சொல்லுறவை ஓகானிக்கை விளங்காமல் படிச்சவை. எலெக்ரோன் எங்க கூட, எங்க குறைய எண்டு பாத்துப் பழகினால் பாதித் தாக்கம் தானாவே வரும். பிசிக்ஸில ஒளிக்க இடமில்லை, வெக்ரர் கல்குலஸ் வராட்டில் மின்காந்தவியலில மாட்டுப்படுவியள், அவ்வளவுதான்.

மொழி விசயத்தில ரெண்டும் ஒண்டுதான், முதல் வருசம் ரெண்டிலயும் அடி விழும். ஏ.எல் வரைக்கும் தமிழில அளவி, குழாயி, நியமிப்பு, கற்றயன், சடத்துவத் திருப்பம் எண்டு படிச்ச பிள்ளைக்கு கம்பஸில திடீரெண்டு இங்கிலீஸில பியூரெற், பிப்பெற், ரைற்றேசன் எண்டால் தெரிஞ்ச சாமானே தெரியாத சாமானாப் போகும். எனக்கு மூண்டு மாசம் எடுத்தது. தங்கச்சி கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில தமிழ்ச் சொல்லையும் இங்கிலீஸ் சொல்லையும் சோடி சோடியா எழுதி வச்சிருந்தவள், அந்தக் கொப்பியை மருமகனும் பாவிச்சவன்.

இனி ஆராய்ச்சிப் பக்கம். இஞ்சதான் எங்கட ஊர் உள்ள வருது.

யாழ்ப்பாணத்தில கெமிஸ்ட்ரி ஆக்களுக்கு வேலை காலுக்குக் கீழ இருக்கு. குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஒரு ஆறு இல்லை, குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியைத்தான். அந்தக் கல்லு ஓட்டையும் வெடிப்புமா இருக்கிறதால மேல போடுறது எல்லாம் கெதியா கீழ இறங்கும், தோட்டத்துக்குப் போடுற யூரியா நைத்திரேற்றாகிக் கிணத்துக்கு வரும், மலசலகூடக் குழியில இருந்து வாறதும் அப்படித்தான். குடிதண்ணியில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, புட்டிப்பால் குடிக்கிற குழந்தையளுக்கு அது இரத்தத்தில ஒட்சிசன் போறதைக் குழப்பும். சுன்னாகத்தில மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில கலந்த கதை எல்லாருக்கும் தெரியும், 2019ல உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட சனத்துக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. அப்படி ஒரு வழக்கில சனம் என்னதான் சத்தம்போட்டாலும் கடைசியில கேக்கிறது "தண்ணிக்குள்ள என்ன, எவ்வளவு?" எண்டு, அதுக்குப் பதில் சொல்லுறவன் கெமிஸ்ட். இந்தப் படிப்பில எனக்குப் பெருமை இருக்கு எண்டால் அது இதாலதான்.

தண்ணியை விட்டால் மூலிகை, மரஞ்செடியளில இருந்து சேர்வையள் பிரிச்செடுக்கிறது, நொதியங்கள். பனம்பழக் களியில கைக்கிற சாமான் இருக்கெல்லோ, அதுக்குப் பேர் ஃபிளபெலிஃபெரின், பனையின்ர விஞ்ஞானப் பேரில இருந்து வந்தது, இலங்கையில அதைப்பற்றி நிறைய ஆராய்ச்சி செய்திருக்கினம். எங்கட முத்தத்தில கிடக்கிற பழத்துக்குள்ள ஒரு ஆளின்ர பிஎச்டி கிடக்கு.

பிசிக்ஸ் பக்கம் போனால் பெடியள் நினைக்கிறது வேற, நடக்கிறது வேற. பிசிக்ஸ் எண்டால் கரும்பலகையும் சமன்பாடும் எண்டு நினைச்சு வருவினம். அப்படியும் பெரிய ஆக்கள் இருந்தவை, எங்கட கணித மேதை எலியேசர் கேம்பிரிட்ஜில, குவாண்டம் பிசிக்ஸின்ர பெரிய ஆளான டிராக்கிட்டப் படிச்சு, எலெக்ரோன்ர இயக்கத்தில வேலை செய்தவர், அது முழுக்கக் கடதாசியும் பேனையும்தான். ஆனா சாவகச்சேரியில பிறந்த சிவானந்தனைப் பாருங்கோ, பேராதனையில பிசிக்ஸ் படிச்சிட்டு அமெரிக்காவில அகச்சிவப்புக் கமராவுக்குத் தேவையான மேர்க்குரி கட்மியம் ரெலுரைட் எண்ட பளிங்கை ஒவ்வொரு அணுப்படையா வளத்துப் பேர் எடுத்தவர். ஒரு பொருளை உண்டாக்கிற வேலை அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில பிசிக்ஸின்ர பலமும் இந்தப் பக்கம்தான், சூரியக்கலம், மெல்லிய படலங்கள், சுத்தமான சக்தி, நோர்வே ஆக்களோட சேர்ந்தும் செய்யினம்.

தங்கச்சி செய்த வேலையைக் கிட்ட நிண்டு பாத்தனான், அதால சொல்லுறன். சாயம் பூசின சூரியக்கலம் எண்டு ஒண்டு இருக்கு, 1991ல ஓரீகனும் கிரெட்ஸலும் உலகத்துக்குக் காட்டினது. மின் கடத்துற கண்ணாடியில ரைற்றேனியம் டையொக்சைட் பசையை மெல்லிசா இழுத்து, 450 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி, பிறகு சாயத்துக்குள்ள ஊறவிடுறது. வெள்ளைப் படலம் மெல்ல மெல்ல நிறம் ஏறிவரும். வெளிச்சம் பட்டால் சாயம் எலெக்ரோனைத் தூக்கிக் குடுக்கும், அயடைட் கரைசல் அதைத் திருப்பி நிரப்பும். ஒருநாள் தங்கச்சி வேலியில நிண்ட செவ்வரத்தம்பூ ஒரு சுளகு நிறையப் பிடுங்கி அரைச்சு வடிச்சவள், அதே வடிச்ச தண்ணியில கொஞ்சம் நான் எடுத்துத் தேசிக்காய்ப்புளி விட்டால் சிவப்பு, சலவைச்சோடா போட்டால் பச்சை எண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காட்டினனான். ஒரே பூ, ஒரே அந்தோசயனின், அதுதான் பூவின்ர நிறச்சாமான். எனக்கு அது அமிலமோ காரமோ எண்டு சொல்லுற காட்டி, அவளுக்கு அது சூரியக்கலம். இயற்கைச் சாயத்தில பொதுவா நூற்றுக்கு ஒண்டு மட்டிலதான் வினைத்திறன் வரும், சிலிக்கன் பனல் இருபதைத் தாண்டும், எண்டாலும் அந்த மெல்லிய கலத்தில மீற்றர் ஊசி அசைஞ்சதைக் கண்ட அண்டைக்கு அவள் இராச்சாப்பாடே சாப்பிடேல்ல, அவ்வளவு சந்தோசம்.

இதில கவனிக்க வேண்டியது என்னெண்டால், பிசிக்ஸ் லாப்பில அவளின்ர கை செய்ததில அரைவாசிக்கு மேல கெமிஸ்ட்ரி. அரைக்கிறது, கரைக்கிறது, வடிக்கிறது, சூடாக்கிறது. "எனக்கு கெமிக்கல் மணம் பிடிக்காது, அதால பிசிக்ஸ்" எண்டு வாற பிள்ளை அங்க போய்ச் சோர்ந்துபோகும். அதே மாதிரி "கணக்கு வேண்டாம், அதால கெமிஸ்ட்ரி" எண்டு வாற பிள்ளை குவாண்டம் கெமிஸ்ட்ரியில நிண்டு முழிக்கும். ஒண்டுக்குப் பயந்து மற்றதுக்கு ஓடாதேங்கோ.

வேலை எண்டு பாத்தால் கெமிஸ்ட்ரிக்குக் கதவு கூட. தண்ணிப் பரிசோதனை, சாப்பாட்டுச் சாமான், மருந்து, ஆடைத் தொழிற்சாலையில சாயம், சீமெந்து எண்டு எங்கயும் ஒரு லாப் இருக்கும். ஆனா யாழ்ப்பாணத்தில இருந்தே செய்யலாம் எண்டு பாத்தால் அவ்வளவு இல்லை, கொழும்புப் பக்கம் போகத்தான் வேணும். பிசிக்ஸ்காரருக்குத் தொழிற்சாலை குறைவு, ஆனா வானிலை, ஐ.ரி, ஆஸ்பத்திரியில கதிர்ச் சிகிச்சைக்கு மெடிக்கல் பிசிசிஸ்ற் எண்டு வேற மாதிரிப் பாதையள், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நினைச்சுப் பாருங்கோ. படிப்பிக்கிறது ரெண்டுக்கும் பொது. ரியூசன் காசைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ எண்டு மட்டும் கெஞ்சிக் கேக்கிறன், நாலு வருசப் படிப்பை அதுக்காகச் செய்யேலாது.

வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போறவைக்கு நான் பிசிக்ஸைத்தான் ஒரு படி மேல வைப்பன், கெமிஸ்ட்ரிக்காரன் எண்டாலும். மற்ஸும் புரோகிராமிங்கும் கையில இருக்கிறதால அவை பேந்து எந்தப் பக்கமும் திரும்பலாம். ஊரில நிண்டு ஊருக்கு ஏதும் செய்யோணும் எண்டு இருக்கிறவைக்கு கெமிஸ்ட்ரி, அதில எனக்குச் சந்தேகமே இல்லை. பயோ படிச்சு வந்த பிள்ளையளுக்கு இந்த யோசினையே வராது, அவைக்கு இந்த ரெண்டில கெமிஸ்ட்ரிதான்.

மருமகனைப் போன சனிக்கிழமை ரெண்டு பேருமாச் சோதிச்சம். காலமை நான் படிப்பிக்கிற பள்ளிக்கூட லாப்பில எங்கட கிணத்துத்தண்ணியின்ர வன்மை பாக்க விட்டன், கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கிற ஈ.டி.ரி.ஏ கரைசலை விட்டு, வைன் சிவப்பு நீலமா மாறுற இடம் வரைக்கும். மூண்டு தரம் செய்தான், மூண்டும் ஒத்துவந்தது, கடைசித் துளியில கை நடுங்கேல்ல. கழுவி வச்சிட்டு "சரி மாமா" எண்டான். வேற ஒண்டும் கேக்கேல்ல.

பேந்து தங்கச்சி வீட்டு முத்தத்தில ஒரு சின்ன சிலிக்கன் பனலையும் மல்ரிமீற்றரையும் குடுத்து, மணித்தியாலத்துக்கு ஒருக்கா வோல்ற் எழுதச் சொன்னவள். மத்தியானம் அவன் கொப்பியோட குசினிக்கு ஓடிவந்தான்.

"சித்தி, வெயில் கூடக் கூட வோல்ற் குறையுது, மீற்றர் பிழையோ?"

மீற்றர் பிழையில்லை. பனல் சூடேறினால் ஒவ்வொரு கலத்திலயும் பாகைக்கு 2 மில்லிவோல்ற் மட்டில விழும். அதை அவள் உடன சொல்லேல்ல, "நீயே யோசி" எண்டு விட்டவள். சோறு ஆறிப்போச்சு, அவன் ஈரத்துவாயைப் பனலுக்குப் பின்னால பிடிச்சு மீற்றரைப் பாத்துக்கொண்டு நிண்டான். நான் அக்காவுக்குக் கோல் எடுத்து, அவன் பிசிக்ஸ் போடட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.