கொடைக்கானலில் வாடகைக்கு இருப்பவர்களே, 'நானாகவே காலி செய்தேன்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

நாயுடுபுரத்தில் ஆறு வருஷம் குடியிருந்த வீட்டைப் போன ஏப்ரலில் ஒரே ராத்திரியில் இழந்தோம். வாடகை பாக்கி ஒரு ரூபாய் கிடையாது. நாங்கள் கொடுத்தது மாதம் 8,000. சீசனில் நாள் வாடகைக்கு விட்டால் அதை மூன்று நாளில் எடுத்துவிடலாம். காரணம் அவ்வளவுதான்.

மார்ச்சில், "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார் ஓனர். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றோம். இரண்டு நாளில் தண்ணீர் நின்றது, அப்புறம் ஃபியூஸ் கட்டை காணாமல் போனது. அந்தக் குளிரில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு படித்தாள்.

ஒருநாள் வத்தலக்குண்டு போய்விட்டு இருட்டிய பிறகு வந்தால் கதவில் புதுப் பூட்டு. விலை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர், பேசி முடிச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கணக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட் உள்ளே. ஓனர் ஒரு தாளை நீட்டினார்: நானாகவே காலி செய்தேன், அட்வான்ஸைப் பெற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். பூட்டு திறந்தது. 50,000 அட்வான்ஸில் கைக்கு வந்தது 20,000.

பிறகுதான் வக்கீலிடம் போனேன். தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், அவர் உடனே இணைப்பைத் தரச்சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும். காலி செய்யச் சொல்லும் உத்தரவு வாடகை நீதிமன்றத்திலிருந்துதான் வரவேண்டும், ஓனர் வாயிலிருந்து அல்ல. பூட்டி வெளியே தள்ளினாலும், 1963ஆம் வருஷ ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே பேச்சே இல்லை. நம் சம்மதம் இல்லாமல், சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றினார்களா என்பதுதான். அந்தச் 'சம்மதம்' என்ற இடத்தில்தான் என் கையெழுத்து உட்கார்ந்திருக்கிறது.

என் பக்கமும் தப்பு உண்டு. அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் பதியவில்லை. வாடகையை ரசீது இல்லாமல் ரொக்கமாகவே கொடுத்தேன். நீங்கள் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ போடுங்கள். பூட்டியிருந்தால் முதலில் போட்டோ எடுங்கள், ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, புகார் கொடுத்ததற்கு ஆதாரமாக சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

ஹால் டிக்கெட்டைப் பள்ளியிலேயே இன்னொரு பிரிண்ட் எடுத்துத் தருவார்களாம். வகுப்பு டீச்சர் அப்புறம் சொன்னார்.