விடைக்கு ஒரு வாசல், வழிமுறைக்கு ஒரு வாசல்: இணையவழி ஐயம் தீர்க்கும் சேவை ஒன்றின் மதிப்பீடு

பொறியியல் முதலாண்டின் இரண்டாம் செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் சேர்ந்து கழுத்தை நெரிக்கத் தொடங்கியபோது, கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் தீர்வு தரும் இணையச் சேவை ஒன்றில் சேர்ந்தேன். நான்கு மாதங்களில் ஏறத்தாழ 90 கணக்குகளை அதில் கேட்டிருப்பேன். சேவையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்த வகைச் சேவைகள் பலவும் ஒரே மாதிரிதான் இயங்குகின்றன என்பதால், பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இதில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ‘உடனடித் தீர்வு’. கணினியே படத்தைப் படித்து ஒரு நிமிடத்துக்குள் படிப்படியான விடையைக் காட்டிவிடும். மற்றொன்று ‘நேரடி ஆசிரியர்’. இருவரும் எழுதக்கூடிய ஒரு பலகையில் 20 நிமிடம் ஒருவர் நம்மோடு உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பார். சேர்ந்த புதிதில் முதல் வாசலிலேயே காலம் தள்ளினேன். அது எங்கே காலை வாரியது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

30 பாகை சாய்தளம் ஒன்றில் திண்ம உருளை ஒன்று நழுவாமல் உருண்டு இறங்குகிறது. உராய்வுக் குணகம் 0.4, முடுக்கம் என்ன? உடனடித் தீர்வு, உராய்வு விசையைக் குணகத்தையும் செங்குத்து விசையையும் (தளம் தனக்குச் செங்குத்தாக உருளையைத் தள்ளும் விசை) பெருக்கிக் கண்டுபிடித்து, அதைச் சாய்தளத்தின் வழியே இறங்கும் எடைக்கூறிலிருந்து கழித்து, முடுக்கம் ஏறத்தாழ 1.5 மீ/வி² என்று முடித்துவிட்டது. ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருந்ததால் நானும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த விடையோ 3.27.

அதே கணக்கை நேரடி ஆசிரியரிடம் கொண்டுபோனபோது, அவர் விடையைத் தொடவே இல்லை. ‘உருளை தளத்தைத் தொடும் புள்ளி நழுவுகிறதா, இல்லையா?’ என்று மட்டும் கேட்டார். நழுவவில்லை என்றால் அங்கே இருப்பது ஓய்வுநிலை உராய்வு. குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கினால் கிடைப்பது அந்த உராய்வின் உச்ச எல்லையே தவிர, அதன் மதிப்பு அன்று என்பதை நானே சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு விசைப்படத்தை வரையச் சொல்லி, மையத்தைப் பற்றிய திருப்பு விசைச் சமன்பாட்டையும் நேர்கோட்டு இயக்கச் சமன்பாட்டையும் என் கையாலேயே எழுதவைத்தார். உராய்வு எடையில் ஆறில் ஒரு பங்கு என்று வந்தது. கிடைக்கக்கூடிய உச்ச உராய்வோ எடையில் 0.35 பங்கு; ஆகவே நழுவாது என்ற கூற்று பொருந்துகிறது. முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் சாய்வுக் கோணத்தின் சைனையும் பெருக்கி வருவதில் மூன்றில் இரண்டு பங்கு. உருளையின் நிறத்தைப் போலவே, அதன் நிறையும் ஆரமும்கூட விடையில் இடம்பெறவில்லை என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்கு, இந்த உருளை எந்தச் சாய்வில் நழுவத் தொடங்கும் என்று கேட்டார். கோணத்தின் டேன் மதிப்பு குணகத்தின் மூன்று மடங்கைத் தாண்டும்போது, அதாவது ஏறத்தாழ 50 பாகையில், என்பதைக் கண்டுபிடிப்பதோடு அன்றைய 20 நிமிடம் தீர்ந்தது. அந்தச் செமஸ்டரில் நான் மிகச் சரியாகச் செலவிட்ட 20 நிமிடம் அதுதான்.

கணிதத்திலும் இதே அனுபவம்தான். ஒரு சார்பின் இரண்டாம் வகைக்கெழுவோடு அச்சார்பின் நான்கு மடங்கைக் கூட்டினால் சைன் 2எக்ஸ் வரும் என்ற வகைக்கெழுச் சமன்பாட்டில், வழக்கம்போல் சைன் 2எக்ஸ், காஸ் 2எக்ஸ் இரண்டின் கலவையைச் சிறப்புத் தீர்வாக ஊகித்தேன். இடப்பக்கம் முழுவதும் பூச்சியமாகிவிட்டது. எக்ஸால் பெருக்கிக்கொள் என்ற விதியை உடனடித் தீர்வும் சொன்னது. ஏன் பெருக்க வேண்டும் என்பதை ஆசிரியர்தான் சொன்னார்: தடை ஏதும் இல்லாத அமைப்பை அதன் இயல்பான அதிர்வெண்ணிலேயே வெளியிலிருந்து உந்தினால் வீச்சு ஒரு நிலையில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும், எக்ஸைக் காலமாகக் கொண்டால், விடையில் முன்னால் வந்து நிற்கும் அந்த எக்ஸ் அந்த வளர்ச்சியைத்தான் குறிக்கிறது. இயற்பியல் வகுப்பில் தனியாகப் படித்த ஒத்ததிர்வும் இதுவும் ஒன்றே என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

உடனடித் தீர்வு அறவே பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பகுதிப் பின்னங்களாகப் பிரிப்பது, அணிகளைப் பெருக்குவது போன்ற கை வலிக்கும் வேலைகளில், எந்த வரியில் குறியை மாற்றி எழுதினேன் என்று தேடுவதற்கு அது போதும். ஆனால் படத்தைப் படிப்பதில் அது தடுமாறும். என் கையெழுத்தில் 1 என்பது 7 ஆகியிருக்கிறது, அடுக்குக்குறி கீழிறங்கிச் சாதாரண எண்ணாகியிருக்கிறது. எனவே அது புரிந்துகொண்ட கேள்வியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தீர்வுக்குள் போவது நல்லது.

நேரடி ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே தரம் அல்லர். சிலர் பேசாமல் முழுத் தீர்வையும் எழுதிவிட்டு விடைபெற்றார்கள். இதில் என் தவறும் கொஞ்சம் உண்டு என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வெறும் கேள்வியை மட்டும் அனுப்பிய நாட்களில் வெறும் விடைதான் வந்தது. நான் திணறி அடித்து எழுதிய பக்கத்தையும் சேர்த்து அனுப்பிய நாட்களில், அவர்கள் நேரே தவறிய வரிக்குப் போய் அங்கிருந்து பேசினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் 40 நிமிடம்வரை வரிசையில் காத்திருக்க நேர்ந்ததற்கு மட்டும் என்னால் எந்த வழியும் காண முடியவில்லை.

பெரிய குறை வேறொன்று. பலகையில் எழுதிய பக்கங்கள் ஏழு நாட்களில் அழிந்துவிடுகின்றன. உருளைக் கணக்கின் பக்கத்தைத் தேர்வுக்கு முன் திரும்பப் பார்க்கலாம் என்று போனபோது அது இல்லை. நினைவிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது என்பது வேறு விஷயம். அடுத்த செமஸ்டருக்கு நேரடி ஆசிரியர் மட்டும் உள்ள திட்டத்துக்கு மாறியிருக்கிறேன். பக்கங்களைச் செமஸ்டர் முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.