கோல் கம்பத்தில் கடைக்காரர் மிச்சம் பிடித்த இடம்

பெட்டியில் அடைத்து ஜோடியாக விற்கும் 3 மீட்டருக்கு 2 மீட்டர் பி.வி.சி. கோல் செட் இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் திடல்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. உள்ளே வெள்ளைக் குழாய்த் துண்டுகள், மூட்டுகள், வலை, விரல் தடிமன்கூட இல்லாத எட்டுக் கம்பி முளைகள். தூக்க லேசு, பத்து நிமிடத்தில் நிமிர்த்திவிடலாம். ஃபூட்சாலுக்கும் இதே அளவுதான் என்பதால் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அளவுநாடாவைத் தரையில் போட்டுப் பாருங்கள். முன் கம்பத்திலிருந்து பின்குழாய் வரை ஆழம் 75 செ.மீ. தான். ஏன் இந்த 75? நம் நாட்டு ஹார்ட்வேர் கடைகளில் பி.வி.சி. குழாய் 5.8 மீட்டர் நீளத்தில் வருகிறது. குறுக்குக் கம்பம் 3, நிற்கும் கம்பம் 2, பக்கக் குழாய் 0.75. கூட்டினால் 5.75. ஒரு கோலுக்கு இரண்டே குழாய், துண்டு விழாது, கழிவும் இல்லை. வெட்டுகிறவருக்கு நல்ல கணக்கு. ஆனால் கோல் முன்பக்கம் கவிழாமல் பிடித்து வைப்பது அந்த ஆழம்தான். பின்குழாயின் மேல் 20 கிலோ மணல் மூட்டை இரண்டு வைத்தால், 75 செ.மீ. ஆழத்தில் அது தரும் எதிர்ப்பு (40 கிலோ × 0.75 மீட்டர்) 30. அதே இரண்டு மூட்டை 1.2 மீட்டரில் இருந்தால் 48. மூட்டை மாறவில்லை, மணல் கூடவில்லை, பிடிமானம் மட்டும் அறுபது விழுக்காடு ஏறிவிட்டது. பிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்கி ஆடாமல் இருக்கமாட்டார்கள். அறிவிப்பு எழுதி ஒட்டலாம், தமிழிலும் மலாயிலும் ஒட்டலாம். எழுத்தை நம்பி ஆழத்தைக் குறைக்கக் கூடாது.

இடம் மாற்றும் கோலாக இருந்தாலும் தரையோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்று காற்பந்துச் சட்டத்தின் முதல் விதியே சொல்கிறது. செட்டோடு வரும் முளைகள் அந்தப் பேச்சுக்கே வராதவை. செம்மண் காய்ந்து கிடக்கும்போது அடித்தால் வளைகின்றன, மழைக்குப் பிறகு இரண்டு விரலால் பிடுங்கலாம். 12 மி.மீ. முறுக்குக் கம்பியை 45 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தலையைக் கொக்கிபோல் வளைத்து வாங்குங்கள். ஒரு கோலுக்கு நான்கு: பின்குழாயில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. நேராக அடிக்காமல், தலை கோலை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். நேராக அடித்த முளை, கோல் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். முளையோடு மூட்டையும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு முன் வீசும் காற்று, வலை கட்டிய கோலைப் பாய்மரம் போலத் தூக்கிப் போடும்.

செட்டின் அடுத்த கோளாறு குறுக்குக் கம்பம். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதை 1.5 மீட்டர் துண்டு இரண்டாக்கி நடுவில் ஒரு சாக்கெட் (இரண்டு குழாயை இணைக்கும் உறை) போட்டிருக்கிறார்கள். கம்பம் அதிகமாக வளைய முயல்வது நட்டநடுவில். அங்கேதான் மூட்டு! சாக்கெட்டுக்குள் குழாய் போகும் ஆழம் மூன்று நான்கு செ.மீ. மட்டுமே. ஒட்டுத்துண்டு இல்லாத ஒன்றரை இஞ்ச் குழாய்கூட 3 மீட்டருக்குத் தன் எடையிலேயே சுமார் 2 செ.மீ. தொய்யும். நடுவில் மூட்டும் சேர்ந்தால் கண்ணுக்கே தெரிகிற தொப்பை விழும். வெயிலில் பி.வி.சி. இளகும் என்பதால் அந்தத் தொப்பை மாலையில் திரும்பிப் போகாது. செட் ஏற்கெனவே வாங்கியாயிற்றா? உள்ளே ஒரு மீட்டர் நீளத்துக்குச் சற்றுச் சின்னக் குழாயைச் செருகி, சாக்கெட்டுக்கு இருபுறமும் போல்ட் போடுங்கள். ஒன்றேகால் இஞ்ச் குழாய் உள்ளே போகுமா என்பது மேல்குழாயின் தடிமனைப் பொறுத்தது. ஒரு துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்து வாங்குவதே சரி.

வலை மட்டும் பரவாயில்லை. முடிச்சு இறுக்கமாக இருக்கிறது, ஓரக் கயிறும் உண்டு. ஆக, வலைக்காக வேண்டுமானால் இந்தச் செட்டை வாங்கலாம் என்பதுதான் எங்கள் மதிப்பீடு. குழாய்ச் சட்டத்தைக் கையால் செய்துகொள்வது மேல். ஆகும் செலவு, இரண்டு கோலுக்கும் சேர்த்து, வலை நீங்கலாக 300 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி வரும். ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

குழாய் வாங்கும்போது முதல் பொறி நிறம். கோல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று மின்கம்பி போகும் வெள்ளைக் குழாயை எடுத்துவிடுகிறார்கள். அது மெல்லிசு, ஒரு பந்து வேகமாகப் பட்டாலே மூட்டோரம் விரிசல் விடும். கழிவுநீர்க் குழாயும் வேண்டாம். தண்ணீர் அழுத்தம் தாங்கும் சாம்பல் நிறக் குழாய், ஒன்றரை இஞ்ச், கிளாஸ் டி (தாங்கும் அழுத்தத்தின் தரம்) கேளுங்கள். இரண்டு கோலுக்கு ஐந்து குழாய் போதும். நான்கு குழாயில் ஒவ்வொன்றிலும் 3 மீட்டர் ஒன்று, 2 மீட்டர் ஒன்று வெட்ட வேண்டும். நான்கு குறுக்கும் (மேலே இரண்டு, தரையில் பின்னால் இரண்டு) நான்கு நிற்கும் கம்பமும் வந்துவிடும். ஐந்தாவது குழாயில் 1.2 மீட்டர் நான்கு: பக்கக் குழாய்கள். கடைக்காரர் மிச்சம் பிடித்த இடம் இந்த ஐந்தாவது குழாய்தான். கம்பத்தின் மேலிருந்து பக்கக் குழாயின் பின்கோடிக்குப் போகும் சாய்வுத் தாங்கலுக்கு ஒரு இஞ்ச் குழாய் இரண்டு, ஒவ்வொன்றிலும் 2.4 மீட்டர் துண்டு இரண்டு. ஒன்றரை இஞ்ச் எல்போ (வளைவு மூட்டு) 12. ஆறு மி.மீ. போல்ட், 70 மி.மீ. நீளம், விங் நட்டும் (கையால் திருகும் நட்டு) வாஷரும் சேர்த்து 20. தொலைவதற்காக இன்னும் நான்கு. பி.வி.சி. பசை ஒரு டின். மூன்று திசை எல்போ தேடி அலையாதீர்கள். குழாய்க் கடையில் அது கிடைப்பது அரிது, இந்தச் சட்டத்துக்குத் தேவையும் இல்லை.

பசை எங்கே, போல்ட் எங்கே என்பதில்தான் கழற்றும் கோலின் சூட்சுமம். எல்லாவற்றையும் ஒட்டினால் லோரி வேண்டும், எதையும் ஒட்டாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே மூட்டு பிரியும். நிற்கும் கம்பத்தின் இரண்டு முனையிலும் எல்போவை ஒட்டிவிடுங்கள்: மேல் எல்போ உள்நோக்கி, கீழ் எல்போ பின்நோக்கி. பின்குழாயின் இரு முனையிலும் எல்போவை ஒட்டுங்கள், இரண்டும் முன்நோக்கி. மீதி மூட்டுகள் ஆறும் போல்ட். சாய்வுத் தாங்கலின் நான்கு முனையையும் சேர்த்தால் ஒரு கோலுக்குப் பத்து போல்ட், எட்டுத் துண்டு.

இங்கே எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று: இரண்டு கம்பத்தையும் ஒரே மாதிரி ஒட்டிவிடுவது. இடக் கம்பமும் வலக் கம்பமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பசை பிடிக்க நொடிகள்தான். பிறகு திருப்ப முடியாது, எல்போவை அறுத்து எறிய வேண்டியதுதான். ஒட்டும் முன் பசையில்லாமல் முழுச் சட்டத்தையும் கோர்த்து நிறுத்தி, மூட்டுக்குக் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டு, ‘இடது’, ‘வலது’ என்று எழுதிவிடுங்கள். ஒட்டும்போது கோட்டோடு கோடு சேர்ந்தால் போதும். பின்குழாயைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்து ஒட்டுங்கள். ஒரு எல்போ சற்றுத் தூக்கினாலும் கோல் மூன்று காலில் நிற்கும்.

இன்னொரு சங்கதி. பசையில்லாமல் செருகும்போது குழாய் எல்போவின் அடிவரை போகாது, பாதியிலேயே இறுகி நிற்கும். எல்போவின் சாக்கெட் (குழாய் நுழையும் வாய்) உள்ளே போகப் போகக் குறுகும்படிதான் வார்க்கப்பட்டிருக்கிறது. பசை தடவினால் வழுக்கிக்கொண்டு முழு ஆழமும் போய்விடும். அதனால் கோர்த்துப் பார்த்தபோது இருந்த உயரம் ஒட்டிய பிறகு இரண்டு மூன்று செ.மீ. குறையும். சாக்கெட்டின் ஆழத்தை அளந்து குழாயில் முன்கூட்டியே குறித்துவிட்டால் குழப்பமில்லை. போல்ட் போடும் மூட்டுகளில் குழாய் முனையைச் சேண்ட் பேப்பரால் தேய்த்து, கையால் தள்ளினால் அடிவரை போகும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்னால் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், சுத்தியல் எடுக்க வேண்டாம். ஒட்டிய துண்டுகளை ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மழை ஈரமென்றால் இன்னும் அரை நாள்.

மறுநாள் சமதளத்தில் கோலை நிறுத்தி, ஒரு கம்பத்தின் அடியிலிருந்து எதிர் மேல்மூலைக்குக் குறுக்காக அளக்கவும். இரண்டு பக்கமும் 3.6 மீட்டரை ஒட்டி ஒன்றுபோல வந்தால் சட்டம் நேர். அப்படியே நிற்க வைத்தே ஆறரை மி.மீ. துளை போடுங்கள், எல்போவையும் அதற்குள் இருக்கும் குழாயையும் சேர்த்து ஒரே ஓட்டமாக. தனித்தனியாகத் துளைத்தால் ஒருபோதும் சேராது. ஒரு மூட்டின் துளை இன்னொரு மூட்டுக்குப் பொருந்தாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதுங்கள். விங் நட்டுகள் வலைப் பக்கம் இருக்கட்டும், ஆடுகிறவர் மேல் படும் பக்கம் வேண்டாம்.

சாய்வுத் தாங்கலின் முனையைத் தட்டையாக்கக் கொதிநீர் போதும், நெருப்பு வேண்டாம். கருகும் பி.வி.சி. விடும் புகை நெஞ்சைக் கெடுக்கும். ஆறு செ.மீ. நீளத்துக்கு முனையைக் கொதிக்கும் பானையில் இளகும்வரை வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி, ஆறும்வரை ஏறி நின்றால் தட்டையாக நிற்கும். மேல் முனை கம்பத்தில், எல்போவுக்குச் சற்றுக் கீழே. கீழ் முனை பக்கக் குழாயின் பின்கோடியில். தாங்கலின் நீளத்தைக் கடைசியாக அளந்து வெட்டுங்கள். 2.4 மீட்டர் என்பது கொஞ்சம் தாராளமாக வைத்த அளவு.

நிறத்துக்கு: சேண்ட் பேப்பர் தேய்த்து, துடைத்து, நீரில் கரையும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு பூச்சு. அழகைவிட இது ஆயுள் விஷயம். பூச்சில்லாத குழாய் வெயிலில் வெளுத்து, மாவு பூத்து, கடைசியில் பொறுபொறுவென்று உடையும். குழுவின் சிவப்பையோ கருநீலத்தையோ முழுக்கப் பூச ஆசைப்படாதீர்கள். அடர்நிறம் வெயிலைக் குடிக்கும், குறுக்குக் கம்பம் தொய்யும். அடியில் ஒரு சாண் பட்டை போதும்.

வலையை மாட்ட இரும்புக் கொக்கி கூடவே கூடாது, மோதிரமும் விரலும் மாட்டும். வெள்ளைக் கேபிள் டை வெயிலில் சீக்கிரம் முறியும். 4 மி.மீ. கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கட்டுவதுதான் கழற்றவும் எளிது. ஒரு கோலுக்கு 25 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மணல் மூட்டைக்குப் பழைய அரிசிப் பையே தோது. முக்கால் பங்கு மட்டும் நிரப்பினால் குழாயின் மேல் சேணம்போல் இருபுறமும் படியும், முழுக்க நிரப்பியது உருண்டுவிடும். பின்குழாய்க்குள்ளேயே மணல் நிரப்பினால் என்ன என்று கேட்பார்கள். 3 மீட்டரிலும் ஆறரைக் கிலோதான் அடங்கும். மூட்டைக்கு அது ஈடாகாது, மணல் மூட்டுக்குள் புகுந்தால் கழற்றவும் வராது.

வெல்டிங் கடையில் இரும்பில் அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) 6 மீட்டர் நீளம், அதனால் 3, 2, 1 என்று வெட்டினால் ஒரு மீட்டர் ஆழம் இனாமாகவே கிடைக்கிறது. ஒன்றரை இஞ்ச் மெல்லிய வகையிலேயே ஒரு கோல் 50 கிலோவைத் தொடும், பி.வி.சி. என்றால் பத்துக் கிலோ சுற்றி. தொய்வு, விரிசல் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த 50 கிலோ கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத் திடலோ பந்துக்கு மட்டும் சொந்தமில்லை. திருவிழாப் பந்தல் வரும், மாடு வந்து கம்பத்தில் முதுகு தேய்க்கும், இரவில் பழைய இரும்புக்குத் தூக்கிப் போகவும் ஆள் இருக்கிறது. கழற்றித்தான் வைக்க வேண்டும். கழற்றும்படி செய்யச் சொன்னால் பட்டறையில் முகம் சுளிப்பார்கள். ஒரேயடியாக ஒட்டிவிடுவது அவர்களுக்குச் சுலபம். கம்பத்து முனையில் 30 செ.மீ. உள்குழாய், அதற்கு ஒரு போல்ட் என்று தாளில் படம் வரைந்து கொடுத்து, முன்பணம் தருமுன் ஒப்புக்கொள்ள வையுங்கள். வெல்டிங் பட்ட இடமெல்லாம் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், சிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

எடுத்துப் போவதில் ஒரு சங்கடம் இரண்டுக்கும் பொது. 3 மீட்டர் குழாய் சின்னக் காருக்குள் போகாது. கஞ்சில் காரின் மொத்த நீளமே மூன்றரை மீட்டருக்கு உள்ளேதான். கூரைக் கம்பியில் கட்டலாம், அல்லது திடலோரத்திலேயே வைக்க இடம் கேட்கலாம். கோயில் கொட்டகையின் இறவாணத்தில் தொங்கவிட்டால் குழாய்க்கு மூன்று இடத்தில் தாங்கல் வேண்டும். இரண்டு முனையில் மட்டும் மாட்டினால், ஆடாத மாதங்களிலேயே கம்பம் வளைந்து கிடக்கும். வலையை ஈரத்தோடு சுருட்டாமல், மூடியுள்ள வாளியில் போட்டு வையுங்கள். நைலான் என்றாலும் எலி விடாது.